வானத்துக்குத் தளபதி யார்?

தரைக்கு ஒரு படை உண்டு. கடலுக்கு ஒரு படை உண்டு. ஆகாயத்துக்கும் ஒரு படை உண்டு. இவை மூன்றும் நமக்குத் தெரியும். ஆகாயத்துக்கும் மேலே, காற்றே இல்லாத வெட்டவெளியில் காவல் காப்பது யார்? அந்தப் படைக்குத் தலைவர் யார்? அவர் தோளில் எத்தனை நட்சத்திரம்?

இது கதைப் புத்தகத்தில் வரும் கேள்வி அல்ல. பல தேசத்துச் சர்க்கார்கள் மூளையைக் குழப்பிக்கொண்டு விடை தேடிய கேள்வி. நமது சர்க்காரும் 2019-ம் ஆண்டில் ஒரு விடை கண்டது. அந்த விடையில் கோயமுத்தூருக்கும், சூலூருக்கும், பக்கத்து நீலகிரி மலைக்கும் கூடப் பங்கு இருக்கிறது!

வான்வெளியில் என்ன வேலை?

"வான்வெளிச் சிப்பாய்" என்றதும் ராக்கெட்டில் ஏறித் துப்பாக்கியுடன் பறக்கும் வீரன்தான் நினைவுக்கு வருவான். உண்மையில் அப்படி இல்லை. அவர் இருப்பது தரையில்தான். ஒரு அறை, அதில் பெரிய திரைகள், இரவு பகல் என்று மாறி மாறிக் காவல். அவர் கண்காணிப்பது தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக் கோள்களை.

1957-ம் ஆண்டில் ரஷியா முதல் செயற்கைக் கோளை ஏவியபோது நம் ஊரில் அதைச் "செயற்கைச் சந்திரன்" என்றார்கள். அன்று அது ஒரு அதிசயம். இன்று அது அன்றாடத் தேவை. புயல் வருவதை முன்கூட்டிச் சொல்வது அது. கடலில் போகும் மீனவருக்கு வழி சொல்வது அது. கையில் இருக்கும் போனில் பாதை காட்டுவதும் அதுதான்.

படைகளுக்கோ அது கண், அதுவே காது. எல்லையில் எதிரி எங்கே கூடாரம் போடுகிறான் என்று படம் எடுத்துக் காட்டும். நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பலோடு பேச வைக்கும். நம் கடற்படைக்கென்று 2013-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி ஜிசாட்-7 என்ற செயற்கைக் கோள் ஏவப்பட்டது. விமானப்படைக்கு உதவும் ஜிசாட்-7ஏ, 2018-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

இந்தக் கண்ணை எதிரி குத்திவிட்டால்? காதை அடைத்துவிட்டால்? அதைத் தடுப்பதற்குத்தான் ஒரு காவல்படை வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக் கோள் ஒரு விநாடியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கோவையிலிருந்து பாலக்காடு சுமார் 50 கிலோமீட்டர். அதைக் கடக்க அதற்கு ஏழு விநாடி போதும்! ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இவ்வளவு வேகமான பொருளைக் காக்கும் இடத்தில், "யார் உத்தரவு போடுவது?" என்று காகிதம் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஆகவேதான் தலைவர் யார், அவருக்கு என்ன அதிகாரம் என்பது பெரிய விஷயம் ஆகிறது.

மூன்று நிமிட அதிர்ச்சி

2019-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி உலகம் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தது. ஒடிசாக் கடலோரத்தில் உள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செயற்கைக் கோளை அடித்து நொறுக்கியது. எல்லாம் மூன்றே நிமிடத்தில் முடிந்தது. அடிபட்டது நம்முடைய சொந்தச் செயற்கைக் கோள்தான். சோதனைக்காகவே அதே ஆண்டு ஜனவரியில் அதை ஏவியிருந்தார்கள். "மிஷன் சக்தி" என்பது அந்தச் சோதனையின் பெயர். அமெரிக்கா, ரஷியா, சீனா ஆகிய மூன்று நாடுகளுக்குப் பிறகு இதைச் செய்த நாலாவது நாடு இந்தியா.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நொறுங்கிய துண்டுகள் வான்வெளியில் குப்பையாகச் சுற்றும். மற்றவர்களின் செயற்கைக் கோள்மீது மோதும். 2007-ம் ஆண்டில் சீனா 800 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் இப்படிச் சோதனை செய்தது. 3,000-க்கும் அதிகமான துண்டுகள் கணக்கிடப்பட்டன. உயரம் அதிகமானால் துண்டுகள் கீழே விழப் பல ஆண்டுகள் ஆகும். நம் விஞ்ஞானிகள் தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். அங்கே துண்டுகள் சீக்கிரம் காற்று மண்டலத்தில் இறங்கி எரிந்துவிடும்.

முதல் தலைவர்

அதே 2019-ம் ஆண்டில்தான் "பாதுகாப்பு வான்வெளி முகமை" என்ற புதிய அமைப்பு உருவாயிற்று. தலைமைக் காரியாலயம் பெங்களூரில். டில்லியில் செயற்கைக் கோள் படங்களை ஆராய்ந்த நிலையமும், போபாலில் இருந்த செயற்கைக் கோள் கட்டுப்பாட்டு நிலையமும் இதனுடன் சேர்க்கப்பட்டன.

முதல் தலைவர் யார் தெரியுமா? விமானப்படையைச் சேர்ந்த ஏர் வைஸ் மார்ஷல் எஸ். பி. தார்கர். அவர் பிறகு படிப்படியாக உயர்ந்து 2024-ம் ஆண்டில் விமானப்படையின் துணைத் தளபதி ஆனார்.

இந்த முகமை தரைப்படைக்கும் சொந்தம், கடற்படைக்கும் சொந்தம், விமானப்படைக்கும் சொந்தம். மூன்று படைகளிலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்கிறார்கள். இதற்கென்று தனியாக ஆள் எடுப்பது இல்லை. தனிப் பதவிப் பெயர்களும் இல்லை. தரைப்படைக் கர்னல் இங்கே வந்தாலும் கர்னல்தான். கடற்படைக் கமாண்டர் இங்கே வந்தாலும் கமாண்டர்தான்.

கேப்டன் பெரியவரா, மேஜர் பெரியவரா?

இங்கே ஒரு குழப்பம் வரும். வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தரைப்படையில் கேப்டன் என்பவர் இளம் அதிகாரி. அவருக்கு மேலே மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர் என்று படிகள் இருக்கின்றன. கடற்படையிலோ கேப்டன் என்றால் பெரிய அதிகாரி! அவர் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். விமானப்படையில் அதே படியில் இருப்பவர் குரூப் கேப்டன்.

அதற்கு மேலே போனால் நட்சத்திரக் கணக்கு வரும். பெரிய அதிகாரிகளின் காரில் சிறு தகடு ஒன்று இருக்கும். அதில் நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றை எண்ணினால் உள்ளே இருப்பவரின் அந்தஸ்து தெரிந்துவிடும்.

ஒரு நட்சத்திரம்: தரைப்படையில் பிரிகேடியர், கடற்படையில் கமடோர், விமானப்படையில் ஏர் கமடோர்.

இரண்டு நட்சத்திரம்: மேஜர் ஜெனரல், ரியர் அட்மிரல், ஏர் வைஸ் மார்ஷல்.

மூன்று நட்சத்திரம்: லெப்டினன்ட் ஜெனரல், வைஸ் அட்மிரல், ஏர் மார்ஷல்.

நாலு நட்சத்திரம்: ஜெனரல், அட்மிரல், ஏர் சீப் மார்ஷல். இவர்கள்தான் படைகளின் தலைமைத் தளபதிகள்.

ஐந்து நட்சத்திரம் அபூர்வம். சுதந்திர இந்தியாவில் அதைப் பெற்றவர்கள் மூன்றே பேர். ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா, ஃபீல்டு மார்ஷல் கரியப்பா, விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் ஆகியோரே அவர்கள். இவர்களில் மானெக்ஷா நமக்கு அயலார் அல்ல. ஓய்வு பெற்றபின் குன்னூரில் குடியிருந்தார். 2008-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில்தான் அவர் உயிர் பிரிந்தது.

இரண்டா, மூன்றா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். வான்வெளி முகமையின் முதல் தலைவருக்கு இரண்டு நட்சத்திரம். அந்தமான் நிகோபார் தீவுகளில் 2001-ம் ஆண்டு அமைக்கப்பட்ட முப்படைக் கட்டளையகத்தின் தலைவருக்கோ மூன்று நட்சத்திரம். அணு ஆயுதங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் கட்டளையகம் 2003-ல் அமைந்தது. அதன் தலைவருக்கும் மூன்று.

ஒரு நட்சத்திரம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. ஒரு மில்லில் மேஸ்திரி சொல்வதற்கும் மானேஜர் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பணம் ஒதுக்கும் கூட்டத்தில் யார் எழுந்து பேசலாம், யார் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும் என்பதைப் பதவிதான் முடிவு செய்கிறது. "எனக்கு இன்னும் இரண்டு செயற்கைக் கோள் வேண்டும்" என்று தலைவர் கேட்டால், அது ஏறும் இடத்தில் ஏறவேண்டும் அல்லவா?

மறுபக்கமும் நியாயம் உண்டு. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குப் பெரியவர் சட்டையை மாட்டினால் தடுக்கித்தான் விழும். முதலில் சிறிதாகத் தொடங்கி, வேலை பெருகப் பெருகப் பதவியையும் பெரிதாக்கலாம் என்பது அந்த நியாயம். பிரிட்டன் 2021-ம் ஆண்டு ஏப்ரலில் வான்வெளிக் கட்டளையகம் அமைத்தபோது, அதன் முதல் தலைவராக இருந்தவரும் ஓர் ஏர் வைஸ் மார்ஷலே. பிரான்சு வேறு வழியில் போயிற்று. தன் விமானப்படையின் பெயரையே 2020-ல் "ஆகாய, வான்வெளிப் படை" என்று மாற்றிக்கொண்டது.

அமெரிக்காவில் நடந்த வேடிக்கை

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2019-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி "வான்வெளிப் படை" என்று தனிப் படையே அமைத்துவிட்டது. முதல் தலைவர் ஜெனரல் ஜான் ரேமண்ட். அவருக்கு நாலு நட்சத்திரம். அவருக்குப் பிறகு 2022-ம் ஆண்டு நவம்பரில் ஜெனரல் சால்ட்ஸ்மன் பதவி ஏற்றார்.

படை பிறந்துவிட்டது. வீரர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது? ஓராண்டு யோசித்து, 2020-ம் ஆண்டு டிசம்பரில் "கார்டியன்" என்று பெயர் வைத்தார்கள். அதாவது காவலர்.

அதிகாரிகளின் பதவிப் பெயரில் இன்னும் பெரிய சண்டை! வான்வெளியில் போவது கப்பல் போலத்தானே, அட்மிரல், கேப்டன் என்று கடற்படைப் பெயர்களை வைக்கலாம் என்று ஒரு கட்சி. பார்லிமெண்டின் கீழ்ச்சபையில் அதற்கான திருத்தமே நிறைவேறியது. "ஸ்டார் டிரெக்" தொடரில் வான்கப்பல் கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னர்கூடப் பத்திரிகையில் எழுதி வாதாடினார். கதைகளில் எல்லாம் கேப்டன்தானே கப்பலை ஓட்டுகிறார் என்றார். கடைசியில் அந்தத் திருத்தம் சட்டத்தில் இடம்பெறவில்லை. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் விமானப்படை முறையிலேயே பெயர்கள் அமலுக்கு வந்தன. கீழ்மட்ட வீரர்களுக்கு மட்டும் "ஸ்பெஷலிஸ்ட்" என்ற புதுப் பெயர் கிடைத்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒரு படைக்குத் தன்மானம் வருவதே பெயரிலும் சின்னத்திலும்தான் என்பது ராணுவத்தாரின் எண்ணம்.

மூன்று முதலாளி, ஒரே மில்

நம் நாட்டில் சிக்கல் பெயரில் இல்லை, அதிகாரத்தில் இருந்தது. ஒரு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று முதலாளிகளின் ஆட்கள் வேலை செய்கிறார்கள். மானேஜர் ஒருவர்தான். ஓர் ஆள் தப்புச் செய்தால் மானேஜர் அவனைத் தண்டிக்க முடியாது. அவனுடைய முதலாளியிடமே திருப்பி அனுப்பவேண்டும். அந்த மில் எப்படி ஓடும்?

முப்படை அமைப்புகளில் அதே நிலைதான் இருந்தது. தரைப்படைக்கு 1950-ம் ஆண்டுச் சட்டம். விமானப்படைக்கும் 1950-ல் வேறு ஒரு சட்டம். கடற்படைக்கு 1957-ம் ஆண்டுச் சட்டம். விமானப்படைத் தலைவருக்குக் கீழே வேலை செய்யும் தரைப்படைச் சிப்பாய் குற்றம் செய்தால், அவரைச் சொந்தப் படைக்கு அனுப்பித்தான் நடவடிக்கை எடுக்கவேண்டும்.

இதைத் தீர்க்க 2023-ம் ஆண்டில் பார்லிமெண்ட் ஒரு புதிய சட்டம் செய்தது. 2024-ம் ஆண்டு மே 10-ந் தேதி அது அமலுக்கு வந்தது. இனி முப்படை அமைப்பின் தலைவர் எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தமக்குக் கீழே இருக்கும் மூன்று படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சத்தமில்லாமல் வந்த சட்டம் இது. ஆனால் தலைவருக்கு உண்மையான கைப்பலம் தந்தது இதுதான்.

சூலூரிலிருந்து கிளம்பிய விமானம்

இந்த முப்படை அமைப்புகளுக்கு எல்லாம் மேலே இருப்பவர் முப்படைத் தலைமைத் தளபதி. அந்தப் பதவியில் முதன்முதலாக 2020-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமர்ந்தவர் ஜெனரல் பிபின் ராவத். மூன்று படைகளையும் ஒரே கையாக்கவேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்ட வேலை.

2021-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதியைக் கொங்கு நாடு மறக்காது. அன்று அவர் சூலூர் விமானத்தளத்துக்கு வந்து இறங்கினார். அங்கிருந்து ஹெலிகாப்டரில் வெலிங்டனுக்குப் புறப்பட்டார். அங்கே உள்ள ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்குச் சொற்பொழிவு ஆற்றவேண்டும். போய்ச் சேரச் சில நிமிடங்களே இருந்தன. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து தீப்பிடித்தது. அந்த எளிய ஊர் மக்கள் ஓடிவந்து தங்களால் ஆன உதவியைச் செய்தார்கள். ஆனாலும் ராவத், அவர் மனைவி உள்பட 13 பேர் அன்றே மாண்டனர். உயிர் தப்பிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் டிசம்பர் 15-ந் தேதி காலமானார்.

ராவத் வகித்த பதவி ஒன்பது மாதங்களுக்கு மேல் காலியாக இருந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ஜெனரல் அனில் சௌகான் அதை ஏற்றார். தலைமை நாற்காலி காலியாகக் கிடந்தால், புதிய அமைப்புகளின் பெரிய முடிவுகளும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

ராவத் போகவிருந்த அந்தக் கல்லூரி சாதாரணமானது அல்ல. பல்லாண்டுகளாக வெலிங்டனில் நடக்கிறது. மூன்று படைகளின் நடுத்தர அதிகாரிகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் இடம். நாளைய தளபதிகளின் நாற்றங்கால் என்றே சொல்லலாம். ககன்யான் திட்டத்தில் வான்வெளிக்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாலு விமானப்படை அதிகாரிகளின் பெயர் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி வெளியாயிற்று. அவர்களில் பிரசாந்த் நாயர் இந்த வெலிங்டன் கல்லூரியில் கற்பித்தவர்; சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இங்கே படித்தவர். இன்னொருவரான குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா 2025-ம் ஆண்டில் சர்வதேச வான்வெளி நிலையத்துக்கே போய்வந்தார். அவருக்கு முன்னோடியாக 1984-ல் வான்வெளி கண்ட ராகேஷ் சர்மா அப்போது ஸ்குவாட்ரன் லீடர். தரைப்படை மேஜருக்குச் சமம். அவரும் ஓய்வுக்குப்பின் குடியேறியது குன்னூரில்தான்!

கடல் இல்லாத ஊரில் கடற்படை

"கடலே இல்லாத ஊரில் கப்பல்காரருக்கு என்னங்க வேலை?" கோவைக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்படிக் கேட்பது உண்டு. ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியில் "ஐ.என்.எஸ். அக்ரணி" என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் வரும் கேள்வி அது. "அக்ரணி" என்றால் முன்னே நிற்பவன், தலைவன் என்று பொருள். கடற்படை மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பைச் சொல்லித்தரும் நிலையம் அது. கப்பல் ஓட்டக் கடல் வேண்டும். ஆட்களை நடத்தக் கற்றுக்கொள்ளக் கடல் வேண்டாம் அல்லவா?

அதே ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படையின் நிர்வாகக் கல்லூரியும் இருக்கிறது. விமானம் ஓட்டாத, தரையில் பணி செய்யும் அதிகாரிகளுக்கு அங்கே பயிற்சி. வான்வெளி முகமையின் வேலையும் தரையில் செய்யும் வேலைதான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும்.

தோளில் நட்சத்திரம் இல்லாத தலைவர்கள்

வான்வெளியில் தலைமை என்றால் ராணுவ உடுப்பு மட்டும் அல்ல. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி கிராமத்தில் பிறந்தவர் மயில்சாமி அண்ணாதுரை. கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர். 2008-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி கிளம்பிய சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் அவரே. 2025-ம் ஆண்டு ஜனவரியில் இஸ்ரோவின் தலைமையை ஏற்ற வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு மே மாதம், எல்லையில் சண்டை நடந்த நாட்களில், குறைந்தது பத்துச் செயற்கைக் கோள்கள் நாட்டின் பாதுகாப்புக்காக இடைவிடாமல் வேலை செய்கின்றன என்று அவர்தான் நாட்டுக்குச் சொன்னார்.

செயற்கைக் கோளைச் செய்வது விஞ்ஞானி. அதைக் காப்பதும், போரில் பயன்படுத்துவதும் படைத்தலைவர். இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்து நடக்கவேண்டும். 2024-ம் ஆண்டு அக்டோபரில், கண்காணிப்புக்கென்றே 52 செயற்கைக் கோள்களை ஏவும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அனுமதி தந்தது. அதே ஆண்டு நவம்பரில் வான்வெளிப் பாதுகாப்புக்கென்று "அந்தரிக்ஷ அப்யாஸ்" என்ற ஒத்திகை மூன்று நாள் நடந்தது. வேலை பெருகிவருகிறது. ஆகவே நட்சத்திரமும் ஒருநாள் கூடத்தான் வேண்டும்.

வான்வெளியில் அணு ஆயுதம் வைக்கக்கூடாது என்று 1967-ம் ஆண்டில் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியாவும் அதை ஒப்புக்கொண்ட நாடு. காவல்காரன் கையில் தடி இருக்கலாம். ஊரைக் கொளுத்தும் தீவட்டி இருக்கக்கூடாது. அந்த வித்தியாசம் தெரிந்தவர்தான் வானத்துக்குத் தளபதியாக இருக்கத் தகுந்தவர்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு வழி

நம் வீட்டுப் பையனோ பெண்ணோ அந்த நாற்காலிக்குப் போகமுடியுமா? முடியும். வழி நீளம், ஆனால் அடைபட்ட வழி அல்ல.

உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் 1962-ம் ஆண்டு முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். முன்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்திருந்த சைனிக் பள்ளிக் கதவு, இப்போது பெண் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். அந்த அகாடமியில் படித்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025-ம் ஆண்டு மே 30-ந் தேதி படிப்பை முடித்து வெளியே வந்தது. பட்டம் பெற்றபிறகு வேறு தேர்வு எழுதியும் சேரலாம்.

சேர்ந்தவுடன் நட்சத்திரத் தகடு கிடைக்காது. இரண்டு நட்சத்திரத்துக்கு முப்பது ஆண்டு உழைப்புத் தேவைப்படும். இன்று பள்ளிக்கூடத்தில் வாய்பாடு ஒப்பிக்கும் குழந்தை, இந்தப் புதிய படை வளர்ந்து பெரிதாகும் காலத்தில் சரியான வயதில் இருக்கும். அப்போது அதன் தலைவருக்கு மூன்று நட்சத்திரமோ நாலு நட்சத்திரமோ, அதைச் சர்க்கார் முடிவு செய்யட்டும். கணக்குப் பாடத்தில் கவனம் வைப்பதை நம் வீட்டில் இன்றே முடிவு செய்யலாம்.